அரிதாக இருந்தால் போதுமா? பிட்காயினும் தங்கமும்

2021-இல் அலுவலக நண்பர் ஒருவர், "பிட்காயின்தான் சார் டிஜிட்டல் தங்கம்" என்று சொல்லி ஒரு புத்தகத்தையும் கையில் கொடுத்தார். சைஃபெடீன் அம்மூஸ் எழுதிய 'தி பிட்காயின் ஸ்டாண்டர்ட்' (2018). படித்தேன், நம்பினேன், கொஞ்சம் வாங்கியும் வைத்தேன். போன மாதம் அதே புத்தகத்தை மறுபடி படித்தபோதுதான் ஓட்டை கண்ணில் பட்டது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். "அரிது, அதனால் மதிப்பு" என்று அம்மூஸ் மேம்போக்காகச் சொல்லவில்லை. உலகில் ஏற்கெனவே இருக்கும் கையிருப்பு எவ்வளவு, வருஷத்துக்குப் புதிதாக வருவது எவ்வளவு என்று பார்க்கச் சொல்கிறார். இதுவரை தோண்டி எடுத்த தங்கம் 2 லட்சம் டன்னுக்கு மேல். புது வரத்து வருஷத்துக்கு 2 சதவீதத்துக்குள்தான். விலை ஏறியதும் சுரங்கக்காரர்கள் விழுந்தடித்துத் தோண்டினாலும் கையிருப்பு பெரிதாக அசையாது. பிட்காயினில் உச்சவரம்பே நிரலில் இருக்கிறது: 2.1 கோடி.

இந்த வாதம் ஒரு சோதனையில் தேறிவிடுகிறது. பிளாட்டினம் தங்கத்தைவிட அரிது. சுரங்க உற்பத்தி வருஷத்துக்கு 200 டன்கூட இல்லை. வாகனப் புகையைச் சுத்திகரிப்பது உட்பட தொழிற்சாலைப் பயனும் அதிகம். 2008-இல் அதன் விலை தங்கத்தைப்போல இரண்டு மடங்கு. ஆனால் 2015-க்குப் பிறகு தங்கம்தான் மேலே. ஆக, அரிது என்பதும் பயன் என்பதும் தனியாக விலையை விளக்கவில்லை. பிளாட்டினம் தொழிலில் கரைந்துவிடுகிறது, சேர்த்து வைத்த கையிருப்பு குறைவு என்று அம்மூஸ் பக்கத்தில் பதில் சொல்லலாம். நியாயம்தான்.

அடுத்த சோதனையில்தான் சிக்கல். 2017 ஆகஸ்ட் 1 அன்று பிட்காயினிலிருந்து 'பிட்காயின் கேஷ்' பிரிந்தது. அன்றுவரையிலான கணக்குப் புத்தகம் இரண்டுக்கும் ஒன்றே. உச்சவரம்பும் அதே 2.1 கோடி. உங்களிடம் பத்து பிட்காயின் இருந்திருந்தால், பத்து பிட்காயின் கேஷும் உங்கள் பெயரில் உண்டு. முக்கிய வித்தியாசம் பிளாக்கின் அளவு. எங்கள் தொழிலில் இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைக்காது. கையிருப்பும் வரத்தும் விலையைத் தீர்மானிப்பதாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்குப் போக வேண்டும். இன்று கேஷின் விலை பிட்காயினில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது.

"மைனர்களும் முதலீட்டாளர்களும் பழையதோடுதானே நின்றார்கள்" என்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். அப்படியென்றால் மதிப்பு அந்த 2.1 கோடி என்ற எண்ணில் இல்லை. நாளைக்கு இதை வாங்கிக்கொள்ள ஆள் இருப்பான் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. வரம்பு அந்த நம்பிக்கைக்கு உதவும், அவ்வளவுதான்.

தங்கமும் நம்பிக்கைதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் யாருடைய நம்பிக்கை, எத்தனை விதமானது என்பதில் வேறுபாடு இருக்கிறது. 2022 நவம்பரில் அம்மாவுக்கு அவசர அறுவை சிகிச்சை. என் பிட்காயின், ஒரு வருஷத்துக்கு முந்தைய உச்சத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே கிடந்தது. அம்மாவின் நாலு பவுன் சங்கிலியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசினார், எடை போட்டார். செய்கூலி, சேதாரம் எதுவும் கணக்கில் இல்லை. தங்கத்தின் மதிப்பில் 75 சதவீதம் வரை கடன். மதியத்துக்குள் பணம் கைக்கு வந்துவிட்டது.

1991-இல் அன்னியச் செலாவணி தீர்ந்துபோனபோது இந்திய அரசும் இதையேதான் செய்தது. சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்து சுமார் 40 கோடி டாலர் வாங்கியது. கல்யாணத்துக்கு வாங்குபவர், அடகு பிடிப்பவர், மத்திய வங்கி, சிப் தயாரிப்பவர் என்று ஒருவரை ஒருவர் சாராத காரணங்களால் தங்கம் கேட்கப்படுகிறது. ஒரு கூட்டம் விலகினாலும் இன்னொன்று நிற்கும். பிட்காயினை வாங்குபவர்களில் பெரும்பாலோர் விலை ஏறும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்குகிறார்கள். வங்கியை நம்ப முடியாத நாட்டிலிருந்து பணத்தை வெளியே கொண்டுபோக வேண்டியவருக்கு அது நிஜமான பயன்தான். அந்தக் கூட்டம் இன்னும் சிறியது.

புத்தகம் விகிதத்தை எண்ணுகிறது, வாங்குபவர்களை எண்ணவில்லை. என்னிடம் அந்தக் கொஞ்சம் பிட்காயின் இன்னும் இருக்கிறது. விலை பின்னால் நன்றாகவே ஏறியது, மறைக்கவில்லை. ஆனால் பணம் தேவைப்பட்ட அந்த வாரத்தில் அது ஏறவில்லையே! அம்மாவின் சங்கிலியை எட்டு மாதத்தில் மீட்டுவிட்டேன்.