நந்தன் குளித்த தீயும் கிந்தன் ஏறிய ரயிலும்

மெய்ப்பாடு எட்டினை எண்ணத் தொடங்கிய தொல்காப்பியர், நகையை முதலில் வைத்தார். அவர் வழிவந்த நாமோ அதைக் கடைசிப் பந்தியில் அமர்த்திவிட்டோம். அழ வைப்பவன் கலைஞன், சிரிக்க வைப்பவன் கோமாளி என்று தரம் பிரித்தோம். அவையில் பாடினால் கலை, கொட்டகையில் பாடினால் கூத்து என்று வேலி கட்டினோம். அந்த வேலி எத்துணைப் பொய்யானது என்று காட்ட ஒரு கதை போதும். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், 'நல்லதம்பி' படத்தில் நிகழ்த்திய 'கிந்தனார்' கதாகாலட்சேபமே அது. 1949-ல் வெளிவந்த படத்தின் ஒரு பகுதியை இன்று எடுத்து ஆராய்வானேன்? சிரித்துவிட்டு எழுந்து வந்த நாம், அதில் கேட்கப்பட்ட கேள்விக்கு இன்னும் விடை கூறவில்லை, அதனால்தான்!

கிந்தனை அறிய நந்தனை அறியவேண்டும். நந்தன் கதை அச்சேறிய வரலாறோ காரைக்காலைத் தொட்டுச் செல்கிறது. ஆகவே, காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் நின்று பேச்சைத் தொடங்குவோம். ஆதீனம் இருக்கும் மயிலாடுதுறைத் தருமபுரம் வேறு. இது கடலோரத் தருமபுரம். இங்குள்ள கோயிலின் இறைவனுக்கு யாழ்முரிநாதர் என்று பெயர். பெயர் வந்த கதையைப் பெரியபுராணம் கூறுகிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர் இது. ஞானசம்பந்தர் பாடுவார், பாணர் அதை யாழில் இசைப்பார். பதிகத்தின் புகழ் பரவுவதே உம் யாழால்தான் என்று பாணரின் உறவினர் பெருமை பேசினராம். பாணர் பதைத்தார், யாழில் அடங்காத பாட்டொன்று பாடியருளுமாறு வேண்டினார். சம்பந்தர் பாடினார். நரம்பு தோற்றது. யாழையே உடைத்தெறியப் பாணர் கை ஓங்க, சம்பந்தர் தடுத்தாட்கொண்டார் என்பது கதை.

பக்தர்கள் இதில் பாட்டின் பெருமையைக் காண்கிறார்கள். காணட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: உறவினர் சொன்னதில் பிழை என்ன? ஊர்தோறும் நடந்து, தெருதோறும் மீட்டியவன் இல்லையேல், பாட்டு ஏட்டிலே உறங்கியிருக்கும் அன்றோ! அந்த எளிய உண்மையைச் சொன்னதற்கு ஒரு கருவி உடைபட இருந்தது. மக்களிடம் கலையைக் கொண்டு செல்பவனுக்கு நம் நாடு ஒதுக்கிய இடம் இதுவே. துணைக்கு வரலாம், தலை நிமிரலாகாது.

இனி நந்தனுக்கு வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். தில்லைக்குப் போக விழைந்து, பிறப்பை எண்ணித் தயங்கி, 'நாளைப் போவேன்' என்று நாள் கடத்தியவர். இறுதியில் தில்லை மதிற்புறத்தே தீ மூட்டப்பட்டது; தீயில் புகுந்தார்; வேறு வடிவோடு, மார்பில் வெண்ணூலோடு எழுந்தார்; அம்பலத்துக்குள் சென்று மறைந்தார். உள்ளத்தில் அன்பு நிறைந்திருந்தும் போதவில்லை, உடல் மாறவேண்டியிருந்தது! பிறந்த மேனியோடு அவர் உள்ளே போக முடிந்ததா? இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையை எடுத்துக் கீர்த்தனையாக்கினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரை அவர் உள்ளே கொண்டுவந்தார். அவர்தாம் ஆண்டையாகிய வேதியர். நாற்பது வேலி நிலத்து அறுவடையை ஒரே இரவில் முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்று வேதியர் கட்டளையிடுகிறார். இறைவன் அருளால் விடிவதற்குள் அறுவடை முடிந்துவிடுகிறது. வேலி நிலம், பண்ணையாள், ஆண்டை என்று வந்தவுடனே, புராணம் காவிரிப் படுகையின் வயலுக்குள் இறங்கிவிட்டது. கேட்டவர்களுக்கு அது பழங்கதையாகத் தோன்றவில்லை; நேற்றுத் தம் ஊரில் நடந்ததாகத் தோன்றியது. காரைக்காலில் பிரெஞ்சு அரசின் அதிகாரியாக இருந்த சீசே என்பவர் இக்கதையில் ஈடுபட்டு, 1860-களின் தொடக்கத்தில் இது நூலாக வெளிவரத் துணைநின்றார்.

அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் பலமுறை நடந்தார். பேச்சு வழக்கும் இலக்கண வழுவும் மலிந்த நூல் என்று பிள்ளையவர்கள் தயங்கினார். ஒருநாள் பாரதியாரே பாடக் கேட்டார்; உருகினார்; பாயிரம் தந்தார். உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்துள்ள செய்தி இது. இலக்கணம் மறுத்ததை இசை வென்றது. மக்கள் மொழிக்கும் மக்கள் மெட்டுக்கும் உள்ள ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அந்த ஆற்றல் எதற்குப் பயன்பட்டது? ஆண்டையின் கொடுமையைக் கண்டு அழுதவர்கள், தீயைக் கண்டு கைகூப்பினார்கள். 'இத்தனை அன்பனுக்கு ஏன் தீ?' என்ற கேள்வி எழவே இல்லை. 1935-ல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படமும், 1942-ல் தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி படமும் நந்தனை வெள்ளித்திரைக்குக் கொண்டுவந்தன. வீட்டுக்கு வீடு இசைத்தட்டு பாடிற்று. நாடே அழுதது, அழுதுவிட்டு, சேரியைச் சேரியாகவே விட்டுவைத்தது!

இந்த இடத்தில்தான் கலைவாணர் புகுந்தார். 1908-ல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நாடகக் கொட்டகையில் சோடா விற்றவர். வில்லுப்பாட்டு மணம் கமழும் மண்ணிலிருந்து வந்தவர். மக்கள் எந்த மெட்டுக்குத் தலையாட்டுவர், எந்தச் சொல்லுக்குச் சிரிப்பர் என்பதை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். கொட்டகையில் நின்று அறிந்தவர். அண்ணா கதை வசனம் எழுத, கிருஷ்ணன் – பஞ்சு இயக்கிய 'நல்லதம்பி'யில், அவர் பாகவதராக நின்று கதை சொல்கிறார். அதே காலட்சேபம், அதே இழுப்பு, அதே குழைவு. கதைதான் வேறு.

நந்தன் தில்லைக்குப் போக விழைந்தான். கிந்தன் பள்ளிக்குப் போக விழைகிறான். நந்தனைத் தடுத்தது பிறப்பு. கிந்தனைத் தடுப்பதும் பிறப்பே. நந்தனுக்கு வழி தீ. கிந்தனுக்கு வழி ரயில். நந்தன் அம்பலத்துக்குள் சென்று மறைந்தான். கிந்தன் பட்டணம் சென்று படித்து, கல்வி அதிகாரியாகித் தன்னை ஒதுக்கிய ஊருக்கே திரும்புகிறான்.

இந்தத் திரும்புதலில்தான் கலைவாணரின் திறன் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து. நந்தன் போனவன்; திரும்பி வராதவன். அவன் திரும்பாததனால் ஆதனூருக்குத் தொல்லை இல்லை. ஆண்டை நிம்மதியாக இருந்தார்; தில்லை நிம்மதியாக இருந்தது; கேட்ட நாமும் நிம்மதியாக வீடு திரும்பினோம். முத்தி பெற்றவன் கூலி கேட்க வரமாட்டான் அல்லவா? கிந்தனோ வந்து நிற்கிறான். அதே உடல், அதே பிறப்பு, அதே பெயர். நெருப்பு அவனைத் தொடவில்லை, எழுத்து தொட்டிருக்கிறது. எதிரே நிற்கும் ஊர் என்ன செய்யும்? கதையில் மாறவேண்டியவன் சேரிக்காரன் என்றிருந்த நிலை போய், மாறவேண்டியது ஊர்தான் என்ற நிலை வந்துவிட்டது. இத்துணைப் பெரிய புரட்சியை, கேட்பவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே செய்து முடித்துவிட்டார்!

எப்படி முடிந்தது? நந்தனைக் கலைவாணர் இழித்துரைக்கவில்லை. பக்தியையும் பழிக்கவில்லை. பழகிய மெட்டு எழும்போது கேட்பவர் உள்ளம் பழகிய சொல்லை எதிர்பார்க்கிறது. வருவதோ பள்ளிக்கூடம், பரீட்சை, ரயில் வண்டி! எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையே உள்ள இடைவெளியில் சிரிப்பு பிறக்கிறது. சிரித்தவர் தாமாகவே இரு கதைகளையும் ஒப்பிட்டுவிடுகிறார். ஒப்பிட்டவர் உள்ளத்தில், தீ நியாயமா என்ற கேள்வி தானே முளைக்கிறது. மேடையில் இரண்டு மணி நேரம் முழங்கினாலும் விதைக்க முடியாத கேள்வி அது. முழக்கத்துக்கு மறுமுழக்கம் உண்டு. சிரித்துவிட்ட பிறகு, சிரிக்கவில்லை என்று யார் மறுப்பது?

ரயிலைப் பற்றியும் ஒரு சொல். சீட்டு இருந்தால் போதும், சாதி வேண்டாம் என்பது ரயிலின் சட்டம் என்று எண்ணி நாம் மகிழ்கிறோம். ஆனால் ரயில் தானாக அப்படி ஆகிவிடவில்லை. தமிழ்நாட்டு ரயில் நிலையங்களின் உணவுச் சாலைகளில் பார்ப்பனர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு வேறிடம் என்ற பிரிவு 1941 வரை இருந்தது. பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின்னரே ஒழிந்தது. கிந்தன் திரையில் வண்டியேறியது அதற்கு எட்டே ஆண்டுகள் கழித்து! இரும்பும் நீராவியும் சமத்துவம் தருவதில்லை; மக்கள் போராடித் தருகிறார்கள். கலைவாணரின் ரயில் பாட்டைக் கேட்டுக் களிக்கும் நாம் இதையும் நினைவில் வைக்கவேண்டும்.

புகழ்ந்ததோடு நின்றுவிட்டால் அது திறனாய்வாகாது. கிந்தனார் கதையில் ஒரு குறை உண்டு. ஊர் கிந்தனை ஏற்பது அவன் அதிகாரியாக வந்ததனால். அதிகாரியாகாத கிந்தன்களின் கதி என்ன? படிப்பில் தோற்றவன், பட்டணம் போக வழியற்றவன், வயலை விட்டு அகலமுடியாத தாய் தந்தையர், இவர்களை ஊர் எப்படி நடத்தும்? நந்தனிடம் ஊர் கேட்டது வெண்ணூல். கிந்தனிடம் கேட்பது பதவி. இரண்டும் ஒன்றில்லை, கல்வி எவரும் பெறத்தக்கது, பிறப்பு அப்படியன்று. ஆயினும், மனிதன் என்பதே போதும் என்ற இடத்துக்குக் கதை போய்ச் சேரவில்லை. பாரதியார் காட்டிய அந்த நாற்பது வேலி நிலம், கிந்தனார் கதை முடிந்த பின்னும் ஆண்டையிடமே இருக்கிறது.

இக்குறை ஏட்டளவில் நின்றிருந்தால் நாம் கவலைப்படோம். 1968 டிசம்பர் 25 அன்று, இதே காவிரிப் படுகையில், காரைக்காலுக்கு மிகத் தொலைவில் இல்லாத கீழ்வெண்மணியில் ஒரு குடிசை கொளுத்தப்பட்டது. உள்ளே கருகி மாண்டவர்கள் 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் அவர்கள். நந்தன் கோயிலுக்குள் போகக் கேட்டான், தீ மூட்டினார்கள். இவர்கள் கூடுதலாக நெல் கேட்டார்கள், தீ மூட்டினார்கள். இந்தத் தீயிலிருந்து எவரும் முனிவராக எழுந்து வரவில்லை. கலைவாணர் அப்போது இல்லை. 1957-லேயே, ஐம்பது வயது நிரம்புமுன்பே மறைந்துவிட்டார். இருந்திருந்தால் வயலை விட்டுப் போகாத ஒரு கிந்தனைப் பாடியிருப்பாரா? பாடியிருப்பார் என்று நம்பவே நாம் விழைகிறோம்.

அவர் விட்ட இடத்திலிருந்து வேறு சிலர் தொடர்ந்திருக்கிறார்கள். 2017-ல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால், இசையமைப்பாளர் தென்மாவோடு உருவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு, சென்னைச் சேரிகளின் கானாவை ராப், ராக் இசைகளோடு இணைத்து மேடையேற்றியது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லே அப்பெயரின் வேர். அக்குழுவில் பாடிய அறிவு, 2021-ல் தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் சென்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து எழுந்த பாட்டு அது. நிலத்தைப் பண்படுத்தியவர்க்கு நிலமில்லையே என்ற ஏக்கம், குழந்தைகளும் ஆடும் மெட்டில் வருகிறது. கிந்தனார் விட்டுச் சென்ற வயலுக்கு, பாட்டு மீண்டும் வந்திருக்கிறது.

இவற்றையும் 'வெறும் சினிமா', 'வெறும் ஆட்டம்' என்று ஒதுக்குவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கூறுவது இது: மகாவித்துவானே கேட்டபின் மனம் மாறினார், நீங்களும் முதலில் கேளுங்கள். மக்கள் விரும்பும் கலை மட்டமானதாகத்தான் இருக்கும் என்பது ஆராய்ந்து கண்ட முடிவன்று. பாணனின் யாழைத் தாழ்த்திய அதே பழக்கம். மறுபுறம், மக்கள் கலைஞர்க்கும் ஒன்று கூறுவோம். மெட்டு மக்களுடையதாக இருந்தால் மட்டும் போதாது. நந்தன் கீர்த்தனையின் மெட்டும் மக்களுடையதே. அது அவர்களைத் தீ வரை அழைத்துச் சென்று, கைகூப்ப வைத்துவிட்டது. பாட்டு யாரை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதே கேள்வி.

கலைவாணர் கிந்தனைப் பள்ளியில் சேர்த்தார். ஊருக்கும் திருப்பி அழைத்து வந்தார். அவன் வந்து நிற்கிறான். அவனைப் பதவி கேளாமல், பிறப்புக் கேளாமல், மனிதன் என்று மட்டும் அறிந்து வரவேற்கும் ஊர் எது? அந்த ஊரைப் பாட்டால் மட்டும் கட்ட இயலாது. அதைக் கட்டவேண்டியவர்கள், சிரித்துவிட்டு எழுந்து வந்த நாமே!