ஏற்போரின் நாணம்

அன்னதானத்தைப் போற்றாத தமிழ்ப் புலவரைக் காண்பது அரிது. ஆயினும், ஈவோனுடைய ஊரும் குடியும் விளங்க நிற்கும் இடத்தில், இலைமுன் அமர்ந்தவன் பெயரின்றிக் கூட்டத்தில் மறைந்துவிடுவதையே பெரும்பாலும் காண்கிறோம்.

மணிமேகலையும் இதற்கு முழு விலக்கன்று. கண்ணிழந்தோர், முடவர், நோயாளர் என்று ஆபுத்திரன் அழைத்து உண்பித்தோரைச் சாத்தனார் தொகைப்படுத்தியே சொல்லிச் செல்கிறார். யானைத்தீ என்னும் பெரும்பசி கொண்ட காயசண்டிகை ஒருத்திக்கே தனி வரலாறு வாய்க்கிறது. ஆனால் ஆபுத்திரன் கதையில் புலவர் ஓர் அரிய உண்மையைத் தொட்டுவிடுகிறார். மழை பெய்து பாண்டிநாடு செழித்ததும் உண்பாரின்றி அட்சய பாத்திரம் வறிதே கிடக்கிறது. பசித்தவரைத் தேடிக் கடல் கடக்கப் புறப்பட்டவன், மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாது உயிர் துறக்கிறான். பிறர் பசி தீர்ந்ததில் மகிழ வேண்டியவன் கலங்குகிறானே! ஈவோனுக்கும் ஏற்போன் தேவை என்பதை இத்துணைக் கூர்மையாகச் சொன்ன இடம் நம் காப்பியங்களில் வேறில்லை என்றே கருதுகிறோம்.

எனினும், ஏற்போன் உள்ளத்துள் புகுந்தவர் நத்தத்தனாரே. 269 அடிகளே கொண்ட சிறுபாணாற்றுப்படையில், கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறாள். உண்ணுமுன் கதவை அடைக்கிறாள். வறுமையின் இயல்பறியாதார் கண்ணிற் பட நாணம். சுற்றத்தோடு பகிர்ந்துண்ணும் பெருமை அவ்வீட்டில் குன்றவில்லை. பார்வைக்கு மட்டுமே அச்சம். அதே பாட்டில் நல்லியக்கோடனின் வாயில், புலவர்க்கும் பொருநர்க்கும் அடைக்கப்படாத வாயிலாக நிற்கிறது. வறியோன் அடைத்த கதவையும் வள்ளல் அடையாத வாயிலையும் ஒரே நூலில் வைத்த திறத்தை உரையாசிரியர்கள் இன்னும் விரித்திருக்கலாம். அரசன் அருகில் நின்று தானே ஊட்டுகிறான் என்பதும் நோக்கத்தக்கது.

தில்லியில் வாழும் நம்மவர்க்கு இவ்விடம் எளிதில் விளங்கும். குருத்துவாரத்து லங்கரில் செல்வரும் கூலியாளும் ஒரே வரிசையில் தரையில் அமர்கின்றனர். சீக்கியரின் மூன்றாம் குரு அமர்தாஸ் வற்புறுத்திய முறை அது. வறியவர் இவரென்று தனித்தறிய அங்கே வழியில்லை. ஆகவே கதவடைக்கும் தேவையும் இல்லை.

புறநானூற்றுப் பெருஞ்சித்திரனார் நாணவில்லை, சினந்தார். அதியமான் தம்மை நேரிற் காணாது அனுப்பிய பரிசிலை, வாணிகர் பெறும் ஊதியம் போன்றதெனக் கருதி மறுத்தார். வீட்டில் பசி இருந்தது. ஆயினும் அவர் வேண்டியது, கொடுப்பவன் ஒருமுறை தம் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதே.