சூப்பர் ஹீரோவின் முதுகு

சேகரிப்பாளர்கள் வாங்கும் சூப்பர் ஹீரோ சிலைகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் விமர்சனங்கள் பெரும்பாலும் பெட்டியைப் பிரிப்பதில் தொடங்கி மார்க் போடுவதில் முடிகின்றன. வடிப்புக்குப் பத்துக்கு ஒன்பது, வண்ணத்துக்கு எட்டு, பீடத்துக்கு ஏழு. அந்த ஒன்பது ஏன் ஏழாக இல்லை என்று கேட்டால் பதில் கிடைக்காது. "செம டீட்டெய்லிங்" என்பதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை.

ஒரு பொம்மைக்கு இவ்வளவு யோசிக்கணுமா என்று கேட்கலாம். யோசிக்கணும். சைட்ஷோ, பிரைம் 1, சிங்கப்பூரின் எக்ஸ்எம் ஸ்டுடியோஸ் மாதிரியான நிறுவனங்களின் கால் அளவுச் சிலை இந்தியா வந்து சேரும்போது அரை லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. ஒருவர் மாதக்கணக்கில் தவணை கட்டி ஒரு பேட்மேனை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அதைப் பார்க்க அவருக்கு ஒரு கண் வேண்டாமா? அந்தக் கண்ணுக்கான பயிற்சி நம்ம ஊரிலேயே கொட்டிக் கிடக்கிறது என்பதுதான் என் கட்சி.

முதலில் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. ஆறடி மனிதன் கால் அளவில் 18 அங்குலம், ஆறில் ஒரு பங்கு அளவில் 12 அங்குலம். விலை கூடிய சிலைகள் பெரும்பாலும் பாலிஸ்டோனில் வார்க்கப்படுபவை. அதாவது கல்தூள் கலந்த ரெசின். தொட்டால் சில்லென்று இருக்கும், கனக்கும், கீழே விழுந்தால் விரல் போய்விடும். பி.வி.சி. லேசானது, வளையும், சூட்டில் மெல்லச் சாயும். கனமான சிலை நல்ல சிலை என்று ஒரு நம்பிக்கை சேகரிப்பாளர்களிடம் உண்டு. தராசில் வருகிற எடை அது. நாம் பார்க்க வேண்டிய எடை வேறே.

பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் மாமல்லபுரம். அங்கே மகிஷாசுரமர்த்தினி குகையில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கிய சண்டைக் காட்சி இருக்கிறது. சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு முன்னோக்கிப் பாய்கிறாள் தேவி. எதிரே எருமைத் தலை, மனித உடல் கொண்ட மகிஷன் கதையைப் பிடித்தபடி பின்னால் சாய்கிறான். கவனியுங்கள்: அவன் இன்னும் தோற்கவில்லை. பின்வாங்குகிறான், ஆனால் கையிலிருக்கும் ஆயுதத்தை விடவில்லை. யார் ஜெயிப்பார்கள் என்பதை அந்த ரெண்டு சாய்வுகள் மட்டுமே சொல்கின்றன.

இதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய 'ஹீரோ எதிர் வில்லன்' சிலைகளைப் பாருங்கள். முக்கால்வாசியில் வில்லன் ஏற்கெனவே தரையில் கிடப்பான், ஹீரோ அவன் நெஞ்சில் கால் வைத்திருப்பார். கதை முடிந்துவிட்டது. முடிந்த கதையை எத்தனை நாள் பார்ப்பது? மூன்றாம் வாரத்தில் அது அலமாரியின் ஒரு பகுதியாகிவிடும். ஒரு சிலை எந்த நொடியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே அதன் முதல் விமர்சனம். அடி விழுவதற்கு முந்தைய நொடி, விழுந்த பின்னான நொடியைவிட எப்போதும் பெரியது.

அடுத்தது, உடல் எங்கே ஊன்றியிருக்கிறது என்பது. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் இருக்கிறார், 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. காலைக் குறுக்கே போட்டு, ஒரு கையைக் காளையின் மேல் வைத்துச் சாய்ந்து நிற்கிற சிவன். காளை இப்போது இல்லை. ஆனாலும் அந்தக் கை காற்றில் ஓய்ந்திருக்கும் விதத்தில் காளையின் உயரம் தெரிகிறது, முதுகின் வளைவு தெரிகிறது. இதுதான் நான் சொன்ன எடை.

சூப்பர் ஹீரோ சிலைகளில் இதற்கு நேர்மாறாக நடப்பதைப் பார்க்கலாம். இடிந்த கட்டடம், உடைந்த கார், புகை, தீப்பொறி என்று பீடம் முழுக்கச் சாமான்கள். மேலே நிற்பவருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு எளிய சோதனை சொல்கிறேன். பீடத்தைக் கையால் மறைத்துவிட்டு உருவத்தை மட்டும் பாருங்கள். அவர் எதன்மேல் நிற்கிறார் என்று ஊகிக்க முடிந்தால் நல்ல வடிப்பு. ஸ்பைடர்மேன் சுவரில் ஒட்டியிருக்கிறாரா, சோபாவிலிருந்து எழுந்திருக்கிறாரா என்றே குழப்பம் வந்தால், பீடத்துக்குக் கொடுத்த காசு வீண். நடராஜர் காலடி முயலகனை நினைத்துப் பாருங்கள். அவன் அலங்காரமில்லை, அவனை எடுத்துவிட்டால் ஆட்டத்தின் அர்த்தமே மாறிவிடும்.

அப்புறம் அளவு. ஓவியப் பாடங்களில் சராசரி மனிதனுக்கு ஏழரைத் தலை உயரம், வீர உருவத்துக்கு எட்டு, எட்டரை. காமிக்ஸ் வழக்கம் இதுதான். நம் சிற்பிகளிடம் தாலக் கணக்கு இருக்கிறது. முக நீளம் ஒரு தாலம், அதில் பன்னிரண்டு பங்கு. நவதாலத்துக்கு 108 பங்கு, பெருந்தெய்வங்களுக்கான உத்தம தசதாலத்துக்கு 124. சுவாமிமலையில் தென்னை ஓலை நறுக்கைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து இந்த அளவுகளை எடுப்பார்கள். தலைக் கணக்கும் தாலக் கணக்கும் ஒன்றல்ல, அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் ரெண்டுக்கும் பின்னால் இருக்கிற புத்தி ஒன்றுதான்: மனிதனுக்கு மேற்பட்டவனைக் காட்ட மனித அளவையே கொஞ்சம் நீட்டு, ஆனால் கணக்கோடு நீட்டு.

கணக்கு தவறும் இடம் தசை. சோழச் செப்புத் திருமேனிகளில் தசைநார் எதுவும் துருத்திக்கொண்டு தெரியாது. மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திய மாதிரி உடல் நிறைந்திருக்கும். சூப்பர் ஹீரோ மரபு வேறு, அங்கே தசைதான் மொழி. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மொழி என்றால் இலக்கணமும் உண்டு. கையை ஓங்கினால் ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் தளரும். கணினியில் வடிக்கும் வசதி வந்த பிறகு, எல்லாத் தசைகளையும் ஒரே நேரத்தில் இறுக்கிவிடுகிற பழக்கம் கூடியிருக்கிறது. விளைவு, சாக்குப் பைக்குள் கொய்யாப்பழம் அடைத்த மாதிரி ஒரு ஹல்க். டீட்டெய்லிங்குக்குக் குறைவில்லை, உயிர்தான் காணோம். துணிக்கும் இதே கதை. சூப்பர்மேனின் மேலங்கி இடப்பக்கம் பறக்கிறது, முடி வலப்பக்கம் பறக்கிறது என்றால் அந்தச் சிலையில் காற்றே இல்லை என்று அர்த்தம்.

முகத்துக்கு வருவோம். ஸ்தபதிகள் கண் திறப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்வது சடங்குக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முழு உடலும் தயாரான பிறகுதான் அந்த உடல் எங்கே பார்க்கும் என்பது தெரியும். தொழிற்சாலைச் சிலையிலும் தோற்றுப்போகிற முதல் இடம் கண்தான். விளம்பரப் படத்தில் இருப்பது மாதிரிச் சிலை, கைதேர்ந்த ஒருவர் நிதானமாக வண்ணம் பூசியது. நம் கைக்கு வருவது, வரிசையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் பூசுகிற ஒருவரின் வேலை. அவர் பெயர் பெட்டியில் இருக்காது. கருவிழி அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் தார் என்கிற இடிக்கடவுள் மாறுகண்ணோடு நிற்பார். மார்க் போடுகிற விமர்சகர்கள் இதை 'க்யூசி பிரச்சினை' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நுழைவாயிலில் கோட்டைவிட்டுவிட்டுக் கோபுரத்துக்கு ஒன்பது மார்க் கொடுப்பது மாதிரி இது.

பெரும்பாக்கத்தில் ரெண்டு விதமான ஷோகேஸ் உண்டு. ஓ.எம்.ஆர். சம்பளத்தில் எழும்பிய அடுக்குமாடிகளில் எல்.இ.டி. விளக்கு போட்ட கண்ணாடி அலமாரி. ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் வாழும் எட்டு மாடி போர்டு குடியிருப்புகளில் டி.வி.க்கு மேலே ஒரு தட்டு. முதலாவதில் வரிசை எண் பொறித்த பாலிஸ்டோன், இரண்டாவதில் ஃபேன்சி ஸ்டோர் ஸ்பைடர்மேன். ரெண்டையும் ஒரே அளவுகோலால் பார்க்கலாமா?

பாதி பார்க்கலாம். நகல் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். விற்பனைக்கு வந்த சிலையின் மேல் அச்சு எடுத்து, அதிலிருந்து மறுபடி வார்க்கிறார்கள். ஒவ்வொரு வார்ப்பிலும் ரெசின் ஒரு துளி சுருங்கும், விளிம்புகள் மழுங்கும், துணியின் நெசவு கரைந்துபோகும். ஆனால் நிற்கும் விதம், சாய்வு, தேர்ந்தெடுத்த நொடி ஆகியவை பெரிதும் தப்பித்து வந்துவிடுகின்றன. நகல் எடுப்பது அசல் சிற்பியின் உழைப்பைத் திருடுவது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திருட்டே நமக்கு ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது: சிலையில் உருவம் ஒன்று, மேற்பரப்பு ஒன்று. காசு ஏற ஏற மேற்பரப்பு மேம்படும். உருவம் காசுக்குக் கட்டுப்பட்டதில்லை. அதனால்தான் இருநூறு ரூபாய் ஸ்பைடர்மேனில் சில சமயம் தாவல் இருக்கிறது, எழுபதாயிரம் ரூபாய்ச் சிலையில் சில சமயம் வெறும் தோல் மட்டும் இருக்கிறது.

'ஐந்நூறில் ஒன்று' என்ற எண்ணுக்கும் இதில் இடமில்லை. எத்தனை பேரிடம் இல்லை என்பது விலையைச் சொல்லும். சிலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

கடைசியாக, திருப்பிப் பாருங்கள். கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய உற்சவரின் முதுகை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் நல்ல சோழத் திருமேனியில் பின்னழகு முழுசாக வேலை செய்யப்பட்டிருக்கும். முதுகுத்தண்டின் பள்ளம், பூணூலின் ஓட்டம், தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம் என்று ஒன்றும் விட்டுப்போயிருக்காது. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். கால் ஊன்றியதன் பாரம் இடுப்பு வழியே முதுகுக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். முன்பக்கம் கேமராவுக்காகச் செய்ததாக இருக்கலாம். முதுகில்தான் சிற்பி தன் வேலையை எவ்வளவு நம்பினார் என்பது தெரியும்.

அதிலும் தேறினால் வாங்கி வையுங்கள். ஒரு ஆறு மாதம் பள்ளிக்கரணைச் சதுப்பிலிருந்து வரும் ஈரத்தையும், மே மாத வெயிலையும், கரண்ட் போன ராத்திரிகளையும் அது பார்க்கட்டும். அதற்குப் பிறகும், தண்ணீர் குடிக்க எழுந்து போகிறபோது உங்களை ஒரு நொடி நிறுத்துகிறதா? அப்போது போடுங்கள் மார்க்.