முணுமுணுப்பும் அச்சும்

ஆர்.இ.எம். என்கிற ராக் இசைக்குழு 2011 செப்டம்பரில் கலைந்துவிட்டது. அதன் ரசிகர்களின் சண்டைதான் கலையவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் 1980இல் நான்கு பேர் தொடங்கிய குழு; முப்பத்தோரு வருஷம், பதினைந்து ஆல்பங்கள். இதில் எதுவரைக்கும் 'உண்மையான' ஆர்.இ.எம். என்பதுதான் வழக்கு. ஒரு கட்சி 1988இல் கோடு கிழிக்கிறது: ஐ.ஆர்.எஸ். என்ற சிறிய கம்பெனியை விட்டு வார்னர் பிரதர்ஸுக்குப் போனதோடு எல்லாம் போச்சு. இன்னொரு கட்சிக்குக் கோடு 1997 அக்டோபர்: டிரம்ஸ் வாசித்த பில் பெர்ரி விலகியதோடு முடிந்தது கதை.

சங்க காலம், சங்கம் மருவிய காலம் என்று பரீட்சைக்கு உருப்போட்டு எம்.ஏ. வாங்கியவனுக்கு இந்தக் காலப்பகுப்பு ஆசை நன்றாகவே தெரியும். ஒரு பொற்காலத்தை நிறுவ வேண்டுமானால் அதற்குப் பின்னால் ஒரு வீழ்ச்சியையும் நிறுவியாக வேண்டும். ரசிகனின் சொல்லாடல் நம்முடைய இலக்கிய வரலாற்றுப் பாடப்புத்தகங்களிலிருந்து அதிகம் விலகியதல்ல.

முதல் கட்சியோடு நின்று பேச ஒன்றுமில்லை. ஐ.ஆர்.எஸ். ஒன்றும் குடிசைத் தொழில் நடத்தவில்லை; அதன் தட்டுகளைக் கடைக்குக் கொண்டுசேர்த்தவை பெரிய கம்பெனிகள்தான். அமெரிக்காவில் முதல் பத்து இடத்துக்குள் வந்த இவர்களின் முதல் பாட்டான 'த ஒன் ஐ லவ்' 1987இல் ஐ.ஆர்.எஸ். வெளியீடாகத்தான் வந்தது. சந்தை வார்னரின் வாசலில் காத்துக்கொண்டிருக்கவில்லை, ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. 1996இல் எட்டுக் கோடி டாலர் ஒப்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதியபோது இந்தக் கட்சிக்கு வந்த கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது அரசியல் நியாயம். பாட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இரண்டாவது கட்சியை அப்படித் தள்ளிவிட முடியாது. 1995 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மேடையிலேயே பெர்ரிக்கு மூளையில் ரத்தக்குழாய் கோளாறு. பிழைத்து வந்தார், இன்னும் ஒரு ஆல்பத்துக்கு வாசித்தார், பிறகு விலகி விவசாயத்துக்குப் போய்விட்டார். மிச்சமிருந்த மூவரும் 1998இல் 'அப்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். பல இடங்களில் டிரம் மெஷின். 'ஆள் இல்லை, மெஷின்தான் இருக்கு' என்று ரசிகர்கள் கசந்துகொண்டார்கள். ஆனால் பாருங்கள், இவர்களே உருகிக் கேட்கும் 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' (1992) பாட்டின் அடியில் ஓடுவதும் டிரம் மெஷின்தான். அந்தப் பாட்டின் பெரும்பகுதியை எழுதியவரும் டிரம்மர் பெர்ரிதான்! தட்டில் இது தெரியாது. எந்தப் பாட்டானாலும் பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நான்கு பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். யார் எதை எழுதினார்கள் என்பதைக் குழுவே அழித்து வைத்திருந்தது. அழிக்கப்பட்ட இடத்தில் ரசிகன் தன் கற்பனை பெர்ரியை நிறுத்தி, அவனுக்காக அழுகிறான்.

எனக்கு 'அப்' ஆல்பத்தில் உறுத்துவது வேறொன்று. பாடல் வரிகளை முழுவதுமாக அச்சிட்டுக் கொடுத்த முதல் ஆர்.இ.எம். ஆல்பம் அது. அதற்கு முன் 1988இல் 'க்ரீன்' உறையில் ஒரே ஒரு பாட்டின் வரிகள் அச்சாகியிருந்தன, அவ்வளவுதான்.

இது ஏன் பெரிய விஷயம்? 1983இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயரே 'மர்மர்', அதாவது முணுமுணுப்பு. மைக்கேல் ஸ்டைப் வார்த்தைகளை மென்று விழுங்கிப் பாடினார். வரிகளும் கொடுக்கப்படவில்லை. எனவே கேட்டவர்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். ஒருத்தர் காதில் விழுந்தது இன்னொருத்தர் காதில் வேறாக விழுந்தது. உ.வே.சா. அடிக்குறிப்பில் பிரதிபேதம் கொடுப்பாரே, அது மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் இங்கே மூலச்சுவடி எங்கும் இல்லை, பேதங்கள் மட்டுமே உண்டு. ரொலான் பார்த் ஆசிரியனின் மரணம் என்று கட்டுரையில் எழுதியதை ஏதென்ஸ் பையன்கள் கித்தாரோடு செய்துகாட்டினார்கள். அதே பார்த் குரலில் அர்த்தத்துக்கு அப்பால் கேட்கும் உடம்பைப் பற்றி, குரலின் சொரசொரப்பைப் பற்றி 1972இல் எழுதினார். 'மர்மர்' முழுக்க அந்தச் சொரசொரப்புதான்.

அரைகுறை இங்கிலீஷோடு ராக் கேட்டு வளர்ந்த என்னைப் போன்றவனுக்கு இது பழகிய நிலைதான். ஓசை முதலில் வரும், சொல் மெதுவாக வரும், சில சமயம் வராமலே போகும். 'மர்மர்' அமெரிக்க ரசிகனையே இந்த இடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. தாய்மொழியிலேயே அவனை அந்நியனாக்கியது. பொற்காலம் என்று அவன் ஏங்குவது பெர்ரியின் தாளத்துக்காக மட்டும் இருக்க முடியாது. பாட்டில் பாதியைத் தானே எழுதிய காலத்துக்காகவும்தான் ஏங்குகிறான்.

குரல் 1986லேயே தெளிந்துவிட்டதே என்று கேட்கலாம். ஆமாம், 'லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் டான் கெமன் வற்புறுத்தி அவரைத் தெளிவாகப் பாட வைத்தார். ஆனால் தெளிந்த சொல்லும் அடங்கிவிடவில்லை. அடுத்த வருஷம் வந்த 'த ஒன் ஐ லவ்' ஒரு குரூரமான பாட்டு. அதைக் காதலிக்குச் சமர்ப்பணம் என்று வானொலியில் கேட்டு வாங்கினார்கள். 1991இன் 'லூசிங் மை ரிலிஜன்' தலைப்பு அமெரிக்கத் தெற்கத்திப் பேச்சு வழக்கு, பொறுமை எல்லை கடப்பதைச் சொல்வது. மதம் இழந்தவனின் புலம்பலாக அதைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். காதில் விழுகிற சொல் காற்றோடு போகிறது, அதை வளைக்கலாம். அச்சில் விழுந்த சொல்லோடு தகராறு செய்ய முடியாது. 'நீ கேட்டது தப்பு' என்று அது சொல்லிவிடுகிறது. ரசிகன் எழுதுகிறவன் என்ற இடத்திலிருந்து வெறும் வாசிக்கிறவனாக இறக்கப்பட்ட வருஷம் 1998. பெர்ரி இல்லாத முதல் ஆல்பமும் அதுவே என்பதால் பழி முழுவதும் காலி டிரம் நாற்காலிமேல் விழுந்துவிட்டது. 2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான விருது விழாவில் நால்வரும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள். பாடலாசிரியர் விருதை நால்வரும் சேர்ந்து வாங்குவது பழைய அகரவரிசைக்குப் பொருத்தம்தான். ஆனால் நாற்காலி நிரம்பினால் வழக்கு தீரும் என்று நம்பியவர்களுக்கு ஒன்றும் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் 'அப்' மோசமான ஆல்பம் அல்ல. 2004இன் 'அரவுண்ட் த சன்' போல வழவழவென்று போகிற சங்கதி கிடையாது. அதன் முதல் பாட்டான 'ஏர்போர்ட்மேன்' மின்னணு ஓசைக்கு அடியில் ஸ்டைப்பின் குரலை மறுபடியும் கிட்டத்தட்ட முணுமுணுப்பாகவே அமிழ்த்தி வைத்திருக்கிறது. அந்த வரிகள் கூடவே வந்த தாளில் பளிச்சென்று இருக்கின்றன. தாளை மூடி வைத்துவிட்டுத்தான் அதை நான் கேட்கிறேன்.