அச்சம் விற்பவரும் நற்சான்று தருபவரும்

'பொனான்ஸா' தொடரை மாட்டுக்காரப் படம் என்று ஒதுக்குவோர் அதன் 'அச்ச வியாபாரிகள்' என்ற அங்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். 1960 சனவரியில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது.

கதை நடப்பது நெவாடாவின் வெள்ளிச் சுரங்க நகரான வேர்ஜினியா சிற்றியில். மேயர் தேர்தலில் நிற்கும் ஃபுல்மர், சீனர் மீதான வெறுப்பைக் கிளறி வாக்குச் சேர்க்கிறான். கார்ட்ரைட் குடும்பத்தின் சமையற்காரர் ஹொப் சிங்கின் உறவுக்கார இளைஞன் ஜிம்மி மீது, வெள்ளைப் பெண்ணொருத்தியைக் கொன்றதாகப் பழி விழுகிறது. கார்ட்ரைட்டுகள் அவன் பக்கம் நிற்கிறார்கள்.

இனவெறுப்புக்கும் முதலாளி உண்டு, இலாபம் உண்டு என்பதைத் தலைப்பிலேயே சொன்னது இந்த அங்கத்தின் பலம். பொழுதுபோக்குத் தொடரொன்று அன்று இதைச் சொன்னது சிறிய விடயமல்ல.

ஆனால் சீனரை அது எப்படிக் காக்கிறது? ஹொப் சிங் விசுவாசி, ஜிம்மி நல்ல பிள்ளை என்பதில்தான் எமது அனுதாபம் கட்டப்படுகிறது. அவர்களுக்காகப் பேசுபவர் பெரும் பண்ணைக்காரரான பென் கார்ட்ரைட். வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று 1854இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் பறித்த குரலைக் கதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஹொப் சிங்காக நடித்த விக்டர் சென் யுங் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். தொடரிலோ அவருக்கு வாய்த்தது உடைந்த ஆங்கிலம்.

உழைப்பு பாதுகாப்புத் தரும் என்பதை வரலாறு ஒப்புக்கொள்ளவில்லை. சியெரா நெவாடா மலையைக் குடைந்து புகையிரதப் பாதை போட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் சீனர். பாதை 1869இல் முடிந்தது. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அது நீங்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இது எமக்குப் புறம்பான கதையல்ல. எம்மீது வெறுப்பு எழும்போதெல்லாம், "நாங்கள் உழைக்கிறோம், வரி கட்டுகிறோம், ஒருவருக்கும் கரைச்சல் கொடுப்பதில்லை" என்றே நாமும் பதில் சொல்கிறோம். ஒருகாலத்தில் விரிவுரையாளராக இருந்த நான் இன்று தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்கிறேன். கேட்டால் மேற்பார்வையாளர் எனக்கு நற்சான்று தருவார். எனது உரிமை அந்தச் சான்றில் தங்கியிருக்குமானால், வேலை இழந்தவனுக்கும் நோயாளிக்கும் களவெடுத்துப் பிடிபட்ட எங்கள் பொடியனுக்கும் யார் சான்று கொடுப்பது?

ஜிம்மி உண்மையிலேயே கொலை செய்திருந்தால்? அப்போதும் அவனுக்கு முறையான விசாரணை உரியது. ஏனைய சீனர் மீது கைவைக்க அப்போதும் எவருக்கும் உரிமையில்லை. நிரபராதியைத் தெரிவு செய்ததால் கதை இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கொண்டது. நாம் தப்ப முடியாது.