ஒவ்வொரு தெருமுனையிலும் ஓர் எண்

2003-ஆம் ஆண்டு டாப்கோடர் ஓப்பன் என்ற புரோகிராமிங் போட்டியில் 'அவாய்ட் ரோட்ஸ்' என்று ஒரு புதிர் வந்தது. ஒரு நகரம். அதன் தெருக்கள் எல்லாம் நேர்கோடுகள். ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. ஒரு மூலையில் நிற்பவர் எதிர்மூலைக்குப் போக வேண்டும். சுற்றுவழி கூடாது. கிழக்கே நடக்கலாம், வடக்கே நடக்கலாம். வந்த பக்கம் திரும்பக் கூடாது. போதாக்குறைக்குச் சில தெருத்துண்டுகளை நகர நிர்வாகம் அடைத்துவிட்டது. மொத்தம் எத்தனை வழிகள்?

இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் புரோகிராமிங் படிப்பவர்கள் இதைப் போட்டுப் பார்க்கிறார்கள். இதன் தம்பி ஒன்று லீட்கோட் தளத்தில் 62-ஆம் எண்ணில் இருக்கிறது. பிராஜெக்ட் ஆய்லர் தளத்தின் 15-ஆம் புதிரும் இதே குடும்பம்தான். வேலை நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் விடையை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த புதிருக்குப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு. இந்தப் புதிரைத் தீர்க்கப் பத்து நிமிடம் போதும்; ரசிக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். கணினியும் முதலில் தேவையில்லை. கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பக்கத்துக்கு மூன்று கட்டங்கள் கொண்ட சிறு நகரம் ஒன்றை வரைந்துகொள்ளலாம். அதில் பதினாறு தெருமுனைகள் இருக்கும். யாரும் முதலில் செய்வது வழிகளை ஒவ்வொன்றாக விரலால் தொடர்வதுதான். ஏழெட்டு வழிகளுக்குள் குழப்பம் வந்துவிடும்: இந்த வழியை ஏற்கெனவே எண்ணியாயிற்றா, இல்லையா? அந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் அனுபவிப்பது நல்லது. அடுத்து வரும் நிம்மதியின் அருமை அப்போதுதான் தெரியும்.

நடப்பவரை விட்டுவிட்டுத் தெருமுனையைக் கேட்க வேண்டும்: உன்னிடம் எத்தனை விதமாக வந்து சேரலாம்? எந்த முனைக்கும் இரண்டே வாசல்கள்தான், மேற்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று. மேற்கு முனையின் எண்ணையும் தெற்கு முனையின் எண்ணையும் கூட்டினால் இந்த முனையின் எண் கிடைத்துவிடும். தொடக்க முனையிலும், இரண்டு ஓரத் தெருக்களின் முனைகளிலும் 1 என்று எழுதிவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டே போனால் 2, 3, 6, 10 என்று வளர்ந்து எதிர்மூலையில் 20 வந்து நிற்கும். எந்த வழியையும் முழுதாக நடந்து பார்க்காமலே எல்லா வழிகளும் எண்ணப்பட்டுவிட்டன. இந்தப் புதிரின் அழகெல்லாம் இந்தப் பார்வை மாற்றத்தில்தான் இருக்கிறது.

அதன் பலம் பெரிய கட்டத்தில் தெரியும். பிராஜெக்ட் ஆய்லர் கேட்பது பக்கத்துக்கு 20 கட்டங்கள். விடை 13,784 கோடியே 65 லட்சத்து 28 ஆயிரத்து 820. விநாடிக்கு ஒரு வழி என்று இடைவிடாமல் எண்ணினால் 4,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முனைகளோ 441 மட்டுமே. ஓரங்களைத் தவிர்த்தால் 400 கூட்டல்கள். பொறுமையுள்ள ஒருவர் பேனாவால் ஒரு நாளில் முடித்துவிடலாம். சிறிய விடைகளைக் குறித்துவைத்து அவற்றால் பெரிய விடையைக் கட்டும் இந்த முறைக்கு 'டைனமிக் புரோகிராமிங்' என்று 1950-களில் பெயர் வைத்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன். தேர்ந்த புரோகிராமர் 441 இடங்களைக்கூட ஒதுக்குவதில்லை. ஒரே வரிசையில் 21 எண்கள் வைத்துக்கொண்டு, அதையே இருபது முறை மேலெழுதி முடித்துவிடுவார். அந்தச் சிக்கனம் தனியாக ரசிக்கத் தக்கது.

இப்போது தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கலாம். மூன்று கட்ட நகரத்தின் குறுக்கே, போகும் திசைக்குச் செங்குத்தாக, மூலைவிட்டத்தில் இருக்கும் எண்கள் 1, 3, 3, 1. பள்ளியில் படித்த பாஸ்கல் முக்கோணத்தின் வரிசை இது. பாஸ்கலுக்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் முன்பே, 10-ஆம் நூற்றாண்டில், பிங்களரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் இதை 'மேரு பிரஸ்தாரம்' என்று விளக்கியிருக்கிறார். யாப்புக்கும் தெருவுக்கும் என்ன தொடர்பு? கிழக்கு, வடக்கு என்ற இரண்டு குறிகளை அடுக்கினால் ஒரு வழி. குறில், நெடில் போல இரண்டு அளவுகளை அடுக்கினால் ஒரு சந்தம். எண்ணுவது ஒன்றேதான். தமிழ் யாப்பிலேயே சோதிக்கலாம். நேர், நிரை என்ற இருவகை அசைகளில் மூன்றை அடுக்கி வரும் மூவசைச்சீர் எட்டில் நிரையே இல்லாதது தேமாங்காய் ஒன்று. நிரை ஒன்று வருபவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி என மூன்று. இரண்டு வருபவை மூன்று. மூன்றும் நிரையானது கருவிளங்கனி ஒன்று. மறுபடியும் 1, 3, 3, 1.

அந்த நான்கு எண்களையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 1, 9, 9, 1 சேர்ந்து 20. எந்த வழியில் போனாலும் அந்தக் குறுக்குக்கோட்டை ஒரே ஒரு முனையில்தான் கடக்க முடியும். அந்த முனைவரை வந்த வழிகளையும் அங்கிருந்து போகும் வழிகளையும் பெருக்குகிறோம், அவ்வளவுதான்.

இந்தப் பெருக்கலைப் பிடித்துக்கொண்டால் அடைக்கப்பட்ட தெருக்களின் சுவை புரியும். டாப்கோடர் புதிரின் எடுத்துக்காட்டு ஒன்றில் பக்கத்துக்கு ஆறு கட்டங்கள். தடையில்லாவிட்டால் 924 வழிகள். அந்த நகரத்தில் தெருத்துண்டுகள் மொத்தம் 84. அடைத்தது இரண்டே இரண்டு. விடை 252-ஆக விழுகிறது. அடைத்த இரண்டில் ஒன்று தொடக்க முனையிலும் மற்றொன்று முடிவு முனையிலும் இருப்பதுதான் காரணம். முதல் அடைப்பு சரிபாதியை, 462 வழிகளை, வெட்டிவிடுகிறது. இரண்டாவதும் தனியாக இருந்தால் 462-ஐ வெட்டும்; ஆனால் அவற்றில் பல முன்பே போய்விட்டதால் கூடுதலாக 210 மட்டுமே போகிறது. அதே நகரத்தின் நட்டநடுச் சந்திப்பிலிருந்து கிளம்பும் ஒரு துண்டை அடைத்தால் இழப்பு 20 பெருக்கல் 10, அதாவது 200. ஒதுக்குப்புறத்து மூலையில் கடைசித் துண்டை அடைத்தால் இழப்பு ஒரே ஒரு வழி. எல்லாத் துண்டும் ஒரே நீளம். ஆனாலும் அவை சுமக்கும் வழிகளில் இத்தனை வேறுபாடு. பென்சிலால் ஒரு தெருவை அடித்துவிட்டு, அதற்கு வடகிழக்கே உள்ள எண்கள் மட்டும் எப்படிக் குறைகின்றன என்று பார்ப்பதைவிட இந்தப் புதிரில் வேறு பெரிய இன்பம் இல்லை.

ஓர் எச்சரிக்கை. புதிர் எண்ணச் சொல்வது கட்டங்களையா, முனைகளையா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். லீட்கோட் புதிரில் ரோபோ கட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. 3-க்கு 7 என்றால் விடை 28. தெருக்கணக்கில் அதே 3-க்கு 7 என்றால் 120. எண்களின் பருமனும் சிலரைக் கவிழ்க்கும். 32 பிட் இன்டிஜருக்குள் 16 கட்ட நகரம் அடங்கும், 17 கட்ட நகரம் அடங்காது. டாப்கோடரின் இன்னோர் எடுத்துக்காட்டான 35-க்கு 31 நகரத்தின் விடை 6406484391866534976. 64 பிட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்துவிடுகிறது.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவுக்கு 1811-இல் போட்ட திட்டம் 155-ஆம் தெரு வரை இப்படிக் கட்டம் கட்டியது. ஆனால் பிராட்வே சாலை மட்டும் அவற்றைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. நம் தாள் நகரத்திலும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அப்படி ஒரு குறுக்குத்தெரு போட்டால் முனைக்கு மூன்று வாசல்கள் வரும். மூன்று எண்களைக் கூட்டிப் போனால் 20 வழிகள் 63 ஆகும். டெலனாய் எண்கள் என்று இவற்றுக்குப் பெயர்.

விதியை இன்னும் தளர்த்திப் பார்க்கலாம். எந்தத் திசையிலும் நடக்கலாம், தொட்ட முனையை மறுபடி தொடக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இரண்டு கட்ட நகரத்தில் 6 வழிகள் 12 ஆகின்றன. மூன்று கட்டத்தில் 20 போய் 184. பத்துக் கட்டத்தில் 1,84,756 இருந்த இடத்தில் 25 இலக்க எண் ஒன்று வந்து நிற்கிறது. டோக்கியோவின் மிராய்கன் அறிவியல் அருங்காட்சியகம் 2012-இல் வெளியிட்ட அனிமேஷன் படத்தில், குழந்தைகளுக்காக இந்த வழிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்ட ஓர் அக்கா உட்காருகிறார். பத்துக் கட்டத்தை முடிக்க, சூப்பர் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டும் அவருக்கு இரண்டரை லட்சம் ஆண்டுகள் பிடிக்கின்றன. கூட்டல் முறை இங்கே நின்றுபோகிறது. எந்த முனை முன், எந்த முனை பின் என்ற ஒழுங்கு போய்விட்டதால் முனையைக் கேட்டாலும் அதற்குப் பதில் தெரியாது.

அதனால் கேள்வியைப் பெரிதாக்கினார்கள். கணினி அறிவியலாளர் டொனால்ட் குனுத் விவரித்த 'சிம்பாத்' முறை நகரத்தை ஒரு கோட்டால் துடைத்துக்கொண்டே போகிறது. அந்தக் கோட்டின்மீது நிற்கும் முனைகளில் எது எதோடு ஏற்கெனவே இணைந்திருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைக்கிறது. அக்காவுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடித்ததை இத்தகைய முறைகள் விநாடிகளில் முடிக்கின்றன. அவற்றைப் படிக்கப் போகுமுன் இரண்டு கட்ட நகரத்தின் 12 வழிகளையும் கையால் வரைந்து பார்க்கலாம். நான்கு துண்டு நீளத்தில் ஆறு, ஆறு துண்டு நீளத்தில் நான்கு, மிச்சம் இரண்டு. அந்த இரண்டும் ஒன்பது முனைகளில் ஒன்றைக்கூட விடாமல் தொட்டுவிட்டுத்தான் எதிர்மூலைக்குப் போய்ச் சேர்கின்றன.