வேப்பமரத்தில் இருந்தால் ஆன்டோனியா?

வேப்பங்கொழுந்து கருகும்போதெல்லாம் ஒரு போட்டோ சுற்றுக்கு வருது. மெலிந்த உடம்பு, நீளமான உணர்கொம்பு, முதுகு நடுவில் குண்டூசி குத்தி வச்ச மாதிரி ஒரு முள். கீழே உடனே பெயர்: ஹெலோபெல்டிஸ் ஆன்டோனி. தேயிலைக் கொசுன்னு சொல்வாங்களே, அது. கொசு இல்லை, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி.

பேரினம் வரை எனக்குச் சண்டையே இல்லை. அந்தக் குண்டூசி சுமாரான போட்டோவிலும் தெரியும். சிக்கல் அடுத்த சொல்லில். தென்னிந்தியாவில் ஆன்டோனி, பிராடியி, தெய்வோரா என்று மூணு சிற்றினம் இருக்கு. மூணுமே முந்திரிக்கு வரும். நிறத்தையும் நம்ப முடியாது, ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மாறும். ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் உறுதியான வழி.

அப்போ போட்டோவில் எதைப் பார்த்துச் சொல்றாங்க? மரத்தை. வேம்புன்னா ஆன்டோனி, தேயிலைன்னா தெய்வோரா. ஊகமாக இது பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதே பதிவு நாளைக்கு ‘வேம்பில் ஆன்டோனி’ என்பதற்கு ஆதாரமாகத் திரும்பி வரும். நாமே உண்டியலில் போட்ட காசை எண்ணிப் பார்த்து வசூல்னு சொல்ற கதை. ஐநேச்சுரலிஸ்டில் இரண்டு பேர் ஒத்துக்கிட்டாலே ‘ஆய்வுத் தரம்’ கிடைத்துவிடும். ரெண்டு பேருமே மரத்தைத்தான் பார்த்திருந்தா?

பூச்சியைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே இது தவறியிருக்கு. ஜாவாவில் கொக்கோவைக் கெடுத்த பூச்சியை வெகுகாலம் ஆன்டோனி என்றே எழுதினார்கள். ஸ்டோனெடால் 1991-ல் ஆசிய ஹெலோபெல்டிஸ் இனங்களை மறுபடி ஆராய்ந்தபோது, அந்தோனேசிய ‘ஆன்டோனி’ பெரும்பாலும் பிராடியி என்று ஆனது. அதன் வாழ்க்கைமுறை, இயற்கை எதிரிகள் பற்றி எழுதியதெல்லாம் வேறு பூச்சியின் கணக்கில் ஏறிக் கிடந்தது.

எதுவா இருந்தா என்ன, மருந்து ஒண்ணுதானே என்பார்கள். மருந்துக்கு ஒண்ணா இருக்கலாம். முந்திரித் தோப்பு ஓரத்து வேப்பமரத்தை வெட்டலாமான்னு ஒருத்தர் கேட்டால்? வேம்பில் இருப்பதும் தோப்பில் இருப்பதும் ஒரே சிற்றினமா என்று தெரியாமல் அதற்கு என்ன பதில் சொல்வது?

மேலிருந்து ஒரு படம் போதாது. வயிற்றுப் பக்கம், கால் தொடைகள், ஆணும் பெண்ணும் தனித்தனியாக எடுங்கள். முடிந்தால் ரெண்டு பூச்சியை ஆல்கஹாலில் போட்டு வையுங்கள், ஊரும் தேதியும் மரமும் எழுதி. பெயர்ச்சீட்டில் இப்போதைக்கு ‘ஹெலோபெல்டிஸ்’ மட்டும்.